நார்மல்-4

ஜூன் 2

கல்லூரி திறந்துவிட்டது. விடுமுறையில் ஆய்வகத்து ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. ஆள் வந்து மாற்றும்வரை நான் மாணவர்களின் கணினி அறையில் ஓரமாக உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமாம்.

ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. நிராகரிக்கவில்லை, திருத்தம் கேட்டிருக்கிறார்கள். படித்த மூவரில் இருவர் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாவது ஆசாமிக்குத்தான் வயிற்றெரிச்சல். இணையத்தில் கிடைக்கும் மூளைப் படங்களை வைத்து யார் வேண்டுமானாலும் செய்துகாட்டலாம், உங்கள் ஊரில் எடுத்த ஸ்கேனில் உங்கள் முறை வேலை செய்யுமா என்று கேட்கிறார்.

என் ஆராய்ச்சி வழிகாட்டி சங்கரபாண்டியன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்கற ஆளுக ஆறு பேரப் புடிம்மா. தலைய ஸ்கேன் எடுத்துச் செஞ்சு காட்டிரு. ஜூலைக்குள்ள அனுப்பலன்னா இந்த வருசமும் உனக்குப் பட்டம் கெடையாது. பட்டம் இல்லன்னா அடுத்த வருசம் வேலையும் இருக்காது, பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஆறு ஃபோல்டர்கள் போட்டுவிட்டேன், நார்மல்-1 தொடங்கி நார்மல்-6 வரை. ஆட்கள்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 4

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். துறையில் மூவர், நூலகர், நூலகரின் தம்பி. இன்னும் ஒருவர் வேண்டுமே என்று சாப்பிடும்போது புலம்பினேன். என் வீட்டுக்காரர் எச்சில் கையைத் தூக்கினார்.

"நான் வாரேன். எனக்கு மூளை இருக்குன்னு உங்க அம்மாவுக்கு நிரூபிச்ச மாதிரியும் ஆச்சு."

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் ஜெயசிங்குக்கு வாய் மட்டும் ஓயாது. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் மாத்திரைக்கு வருகிறார்களா, இவர் பேச்சுக்கு வருகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"அப்படி என்னதான் செய்யுத அந்தப் படத்த வச்சு? எனக்கும் புரியுத மாதிரி சொல்லு, பெனி."

தட்டில் குழம்பும் தயிரும் கலந்து கிடந்த இடத்தைக் காட்டினேன். அந்த இடம் குழம்பா தயிரா என்றால் அடித்துச் சொல்ல முடியாது. எழுபது பங்கு குழம்பு, முப்பது பங்கு தயிர் என்று வேண்டுமானால் சொல்லலாம். மூளைப் படமும் அப்படித்தான். அதில் சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி, நீர் என்று மூன்று உண்டு, எல்லைகள் மங்கலாக இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றிலும் எவ்வளவு பங்கு என்று என் கணக்கு பிரித்துக் கொடுக்கும். மூன்றையும் கூட்டினால் முழுசாக ஒன்று வந்தாக வேண்டும். ஃபஸ்ஸி முறை என்று பெயர்.

"முடிவே எடுக்காத கணக்குன்னு சொல்லு. நம்ம வீட்டுக்கு ஏத்ததுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "தட்டுல ஒரு கல்லு கெடந்தா? அது கொழம்பும் இல்ல, தயிரும் இல்ல."

"அதையும் கொழம்பு இவ்வளவு, தயிர் இவ்வளவுன்னுதான் பிரிக்கும். இது ரெண்டுமே இல்லன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. நல்லா இருக்கற ஆளு தலையில கல்லு எங்க இருந்து வரப் போகுது?"

சிரித்தார். பிறகு மூக்கைச் சுளித்து, "என்னமோ கருகுது. அடுப்புல என்ன வச்சிருக்க?" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும்.

ஜூன் 9

ஸ்கேன் முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் சும்மா இருக்கும், அந்த நேரத்தில் ஆராய்ச்சிக்கென்று இலவசமாக எடுத்துத் தருகிறார்கள். இயந்திரத்தை இயக்கும் மைதீன் நல்ல மாதிரி.

"மேடம், ஆராய்ச்சிக்கு எடுக்கறதுக்கு ரிப்போர்ட் கெடையாது. படம் மட்டும்தான். டாக்டர் பாத்து எழுதணும்னா தனியா சீட்டு போடணும், போடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. எல்லாரும் நல்லா இருக்கறவங்கதான்."

நாலாவதாகப் போனார் இவர். வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார். "அத எங்க வச்சேன்... அந்த இது... இடுப்புல..."

"பெல்ட்டா?"

"ஆங்."

பாதி வார்த்தையை இவர் சொல்வதும் மீதியை நான் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் வீட்டில் புதிதில்லை. இப்போது கொஞ்சம் கூடிவிட்டது. கடையில் வேலை அதிகம்.

ஜூன் 14

ஐந்து படங்கள் அழகாக வந்துவிட்டன. சாம்பல் பகுதிக்குப் பச்சை, வெள்ளைப் பகுதிக்கு மஞ்சள், நீருக்கு நீலம். பாடப் புத்தகத்திலேயே போடலாம்.

நார்மல்-4 மட்டும் என் உயிரை வாங்குகிறது. இடது காதுக்கு மேலே, உள்ளே தள்ளி, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு அழுக்கு. அந்த இடத்துப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தால் மூன்றிலும் ஏறத்தாழச் சமபங்கு. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. இவர் தலையை அசைத்திருப்பார். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சும்மா இருக்க இந்த மனிதரால் முடியுமா?

கேட்டேன். அசையவே இல்லை என்று சாதிக்கிறார்.

தக்காளி விலை ஏறிவிட்டது. ஒரு வாரத்துக்குப் புளிக்குழம்புதான்.

ஜூன் 20

சார் படங்களைப் பார்த்தார். நார்மல்-4ல் பேனாவால் தட்டினார்.

"இது என்ன, மை கொட்டின மாதிரி? வேற ஆளப் போடு."

"வேற ஆள் இல்ல சார். ஸ்கேன்காரங்களும் இனிமே இலவசமா எடுக்க மாட்டாங்க."

"அப்ப அக்கம்பக்கத்தக் கூட்டிப் பாரு."

எங்கள் வேலையில் இது வழக்கம்தான். ஒரு புள்ளி தன்னைப் பற்றி மட்டும் சொல்வதை நம்பாமல், சுற்றியிருக்கும் புள்ளிகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்க வேண்டும். பக்கத்துப் புள்ளிகளின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதை நாம்தான் வைக்கிறோம். மதிப்பைக் கூட்டினால் தனியாக நிற்கும் தூசு தும்பெல்லாம் சுற்றியிருப்பவற்றோடு சேர்ந்துகொள்ளும். படம் சுத்தமாகும். எல்லோரும் செய்வதுதான்.

ஜூன் 21

கூட்டினேன். அழுக்கு சிறியதானது. இன்னும் கூட்டினேன், கடுகாக நின்றது. இன்னும் கூட்டினேன், போய்விட்டது. வெள்ளைப் பகுதி வழுவழுவென்று ஓடுகிறது. இனிக் கட்டுரையை அனுப்பிவிடலாம்.

எத்தனை நாள் கழித்து எனக்கு இப்படி ஒரு சந்தோஷம்! சேமியா பாயசம் வைத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அடி பிடித்துவிட்டது என்றார். பிடிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

ஜூலை 3

எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி வீட்டில் எல்லா சுவிட்சையும் பார்க்கவைத்தேன். எங்கேயும் ஒயர் கருகவில்லை. "அண்ணாச்சிக்கு மூக்குல ஏதும் கோளாறா இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார். சாயங்கால நேரத்தில்தான் இவருக்கு அந்த வாசம் வருகிறதாம். வந்தால் ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பேச்சைத் தொடர்கிறார்.

சளி பிடித்தால் மூக்கு இப்படியெல்லாம் செய்யும்.

ஜூலை 19

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! சார் தொலைபேசியிலேயே பாடாத குறை. "அந்த நாலாவது படம்தான்மா அவங்கள விழ வச்சிருக்கு. எவ்வளவு சுத்தம்னு தனியா எழுதியிருக்காங்க."

இவருக்கு என்னைவிடப் பெருமை. படத்தைத் தன் போனில் முகப்பில் வைத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம். "ஊர்ல எவனுக்காவது மூளை இருக்குன்னு அச்சுல வந்திருக்கா? எனக்கு வந்திருக்கு, பாரும்."

மாமியார் போன் செய்து, "இனிமே அவன ஒண்ணும் சொல்லாதட்டி, அவன் மூளை வெளிநாடு போயிட்டு வந்திருக்கு" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாப்பிடும்போது ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த இதக் குடு" என்று ஸ்பூனைக் கேட்டார்.

ஜூலை 28

இன்றைக்கும் கருகல் வாசம் என்றார். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6

கடையில் வேலை பார்க்கும் செண்பகம் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, அண்ணன்ட்ட சொல்லிராதீங்க. இன்னிக்குப் பிரஷர் மாத்திரை கேட்டவங்களுக்கு அண்ணன் சுகர் மாத்திரைய எடுத்துக் குடுத்துட்டாக. நான் பாத்து மாத்திட்டேன். பேரு வாயில வரமாட்டேங்குது அவுகளுக்கு. அட்டையோட கலரச் சொல்லி என்னைய எடுக்கச் சொல்லுதாக. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்கக்கா."

கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 7

வேறு எதையோ தேடும்போது நார்மல்-4 ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். துடைக்காத மூலப்படம். பார்த்தேன். மூடிவிட்டேன்.

துணி துவைக்க வேண்டும். திரைச்சீலைகளையும் சேர்த்து ஊறவைத்தேன்.

ஆகஸ்ட் 9

கண்ணில் கோளாறு இல்லையாம்.

ஆகஸ்ட் 16

இந்த வாரம் முழுக்க விடைத்தாள் திருத்துகிறேன். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அக்டோபரில் என்று சார் சொல்லிவிட்டார். அது முடியட்டும், இவரை ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும். மதுரைக்கே போகலாம். எனக்கு ஏனோ சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இவர் கேட்டார், "உனக்கு என்ன, முகம் வாடிக் கெடக்கு?" வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 30

கடையில் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. செண்பகம்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

செப்டம்பர் 1

இவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. பேச்சு மட்டும் நிதானம். நர்சைக் கேலி செய்கிற அளவுக்குத் தேறிவிட்டார், பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறது. நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

மூளை அறுவை டாக்டர் ரெங்கநாயகி வந்தார். என் வயதுதான் இருக்கும். புதிதாக எடுத்த ஸ்கேனைத் திரையில் காட்டினார். இடது காதுக்கு மேலே, உள்ளே தள்ளி. நான் திரையைப் பார்க்காமல் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டி இருக்கு. சாயங்காலம் வருதுன்னு சொன்ன அந்தக் கருகல் வாசம்கூட இதால வர்றதுதான். இதுக்கு முன்னாடி எப்பவாவது தலைய ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? பழைய படம் இருந்தா எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தலையணைக்குக் கீழே இருந்து போனை எடுத்துவிட்டார். "ஜூன்ல எடுத்தோம் டாக்டர். சுத்தமா இருந்துச்சு. என் வீட்டுக்காரிதான் செஞ்சா. அச்சுல கூட வந்திருக்கு."

டாக்டர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது கலர் போட்டது. மூலப்படம் இருக்கா?"

"தேடிப் பாக்கணும் டாக்டர்" என்றேன். "அழிஞ்சிருக்கும்னு நினைக்கேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜூன்ல ஒண்ணுமே இல்லாத இடத்துல இப்ப இவ்வளவு இருக்குன்னா, இது வேகமா வளர்ற ரகம். காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமையே திறந்துரணும். சுத்தி நிறைய வெட்டி எடுக்கணும். பேச்சுக்கான இடம் பக்கத்துலயே இருக்கு. பேச்சு போயிரலாம், அதுக்கு நீங்க தயாரா இருக்கணும்."

"மெதுவா வளர்ற ரகமா இருந்தா?"

"அப்ப வேற வழி இருக்கு. அவர முழிக்க வச்சு, பேசவச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம். பேச்சக் காப்பாத்த முடியும். அதுக்கு முன்னேற்பாடு பண்ண நாள் வேணும். ஆனா இந்தப் படத்தப் பாத்த பிறகு அவ்வளவு நாள் விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லைம்மா."

டாக்டர் போன பிறகு இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சு போனா என்ன. அதான் நீ இருக்கேல்ல, எடுத்துக் குடுக்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டியைவிட வேறொன்றுக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 2

சாரிடம் போனில் சொன்னேன்.

"நாம முறைப்படிதானம்மா செஞ்சோம். அக்கம்பக்கத்தக் கூட்டறது உலகம் பூரா செய்யறது. மூலப்படத்த வேணா டாக்டர்ட்ட குடு. துடைச்ச கதைய எதுக்குச் சொல்லுத? சொன்னா கட்டுரைய வாபஸ் வாங்கணும். உன் பட்டம் போயிரும். என் பேரும் அதுல இருக்கு."

"அவங்க கேட்டா சார்?"

"கேட்டாப் பாத்துக்கலாம். அழிஞ்சிருக்கும்னு நேத்தே சொல்லிட்டல்ல? அப்படியே விட்டாலும் யாருக்குத் தெரியப் போகுது?"

துணைக்கு மாமியார் வந்திருக்கிறார். இட்லி கட்டிக்கொண்டு போனேன். இவர் ஒன்றரை இட்லி சாப்பிட்டார். சட்னியைக் காட்டி ஏதோ கேட்டார், தேங்காய் என்று எடுத்துக் கொடுத்தேன். இல்லையாம். உப்பாம்.

செப்டம்பர் 3

வீட்டுக்கு வந்து மூலப்படத்தை எடுத்தேன். அழிந்துபோகவில்லை. அழிந்திருக்கும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அக்கம்பக்கத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினேன். கணக்கில் எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஜூன் முதல் மூன்று என்று கிடக்கிறது. மனுஷனைப் படுக்கவைப்பதற்கு முன்பே நார்மல் என்று பெயர் வைத்து, நார்மலுக்கு மூன்று போதும் என்று நான் வைத்த எண். அதை அழித்துவிட்டு நான்கு என்று போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

பச்சை, மஞ்சள், நீலம். காதுக்கு மேலே சிவப்பு. கரை கட்டினாற்போல, துளி மங்கல் இல்லாமல். மூன்று மாதமாக அந்தப் புள்ளிகள் நாங்கள் இதில் எதுவும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. சொல்ல இடம் கொடுக்காதவள் நான்.

அடுக்களையில் போய் நின்று அழுதேன். குக்கர் கழுவாமல் கிடந்தது, கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 4

காலையில் மூலப்படத்தை சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்தார். வெளியே வைத்துப் பேசலாமா என்று கேட்டேன். "அவர் தலை, அவரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இடப்பக்கம் ஜூன், வலப்பக்கம் ஆகஸ்ட். டாக்டர் இரண்டையும் மாறி மாறி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"அப்பவே இருந்திருக்கு. இப்ப கொஞ்சம்தான் கூடியிருக்கு. இது மெதுவா வளர்ற ரகம்." அவர் குரலே மாறிவிட்டது. "வெள்ளிக்கிழமை வேண்டாம். பேசவச்சுக்கிட்டே எடுக்கலாம். நாம முயற்சி பண்ணலாம் ஜெயசிங்."

இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். டாக்டர் போனை வாங்கி அந்தக் கலர் படத்தையும் பக்கத்தில் வைத்தார். "இது அதே ஸ்கேன்தானே? இதுல ஏன் காணோம்?"

சார் சொன்னதெல்லாம் தொண்டை வரை வந்தது. "நான் துடைச்சேன் டாக்டர்" என்றேன். "அழுக்குன்னு நினைச்சேன். படம் சுத்தமா வரணும்னு."

"அப்புறம் எப்பத் தெரிஞ்சது?"

"ஆகஸ்ட்ல திறந்து பாத்தேன்."

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். சிடியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் பரிசோதனைகள் தொடங்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கீழே மாத்திரை வாங்கப் போயிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இவர் போனைக் கையில் எடுத்தார். முகப்பில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். இடது காதுக்கு மேலே, உள்ளே தள்ளி, வழுவழுவென்று ஓடும் மஞ்சளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ..." என்றார். "ஆகஸ்ட்லயே... நீ ஒரு..."

வார்த்தை வரவில்லை. கண்ணை மூடித் திறந்தார். உதடு கூடியது, பிரிந்தது. "நீ ஒரு..." என்று மறுபடியும் தொடங்கினார். கை விரல்கள் போர்வையில் எதையோ தேடின.

பெல்ட், ஸ்பூன் என்று இந்த மூன்று மாதமாக வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு இவர் தேடிய வார்த்தையும் எனக்குத் தெரியும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எடுத்துக் கொடுக்கவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தபடியே தேடிக்கொண்டிருந்தார்.